1961-இல் பிறந்த இரண்டு கடிகாரங்கள்

செகந்திராபாத்தில் வேலை பார்த்த நாட்களில் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான பாலசமுத்திரத்தோடு வந்து சேர்ந்துவிட்டாலும், இதழ் மட்டும் தபாலில் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. "நீங்களும் ஏதாவது எழுதுங்களேன்" என்று ஆசிரியர் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. எழுதப் பழக்கமில்லாத டிப்ளமாக்காரன் என்று தட்டிக் கழித்து வந்தேன். இப்போது ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி. சித்தூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது பக்கத்துப் பள்ளிப்பட்டும் திருத்தணியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நாங்கள் ஆந்திரத்தில் நின்றுவிட்டோம். நான் பிறந்ததும் அதே வருடம்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ரயில்வேயில் இங்கிலீஷும் இந்தியும். எந்த மொழியில் கேட்டாலும் மணி மட்டும் ஒன்றுதான் என்று என் அண்ணன் வேடிக்கையாகச் சொல்வார்.

விஷயம் கடிகாரம் பற்றியது.

ஜெர்மனியில் வாங்கியது

மகளும் மருமகனும் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் இருக்கிறார்கள். சென்ற முறை நானும் மனைவியும் போயிருந்தபோது, பல வருடமாக மனதில் வைத்திருந்த ஓர் ஆசையை மகளிடம் சொன்னேன். அந்த ஊரிலேயே 'சின்' என்றொரு கைக்கடிகார நிறுவனம் இருக்கிறது. விமானிகளுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் ஏற்றபடி கடிகாரம் செய்பவர்கள். நகைபோலப் போட்டுக்கொள்வதற்கல்ல, ஸ்பேனர், சுத்தியல்போல ஒரு கருவி. வேலைக்காரக் கடிகாரம் என்று நான் சொல்வேன். அதில் ஒன்றை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். 556 என்ற மாடல். மகள் பணம் கொடுக்க வந்தாள், வேண்டாமென்று விட்டேன். விலை ஒரு லட்சத்துக்கு மேல் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

என் மனைவி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இது பன்னிரண்டுக்கு மேல ஏதாவது காட்டுமா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப இந்தப் பணத்துக்கு மாடி ரூமுக்கு டைல்ஸ் போட்டிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

இரண்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பார்த்ததை உள்ளபடி சொல்கிறேன். கறுப்பு முகப்பு, வெள்ளைக் குறிகள், வெள்ளை முட்கள். பளபளப்பே கிடையாது. குறுக்களவு 38.5 மில்லிமீட்டர், கனம் 11 மில்லிமீட்டர். என் ஒல்லிக் கைக்குப் பொருத்தமாக உட்காருகிறது. கண்ணாடி செயற்கை நீலமணிக்கல்லால் ஆனது. அடிப்பக்கமும் அதே கண்ணாடி என்பதால் உள்ளே சக்கரம் ஓடுவது தெரிகிறது. சாவிக் குமிழ் திருகு போட்டு மூடிக்கொள்கிறது. தண்ணீருக்குள் 200 மீட்டர் வரை தாங்குமாம். எங்கள் பக்கம் அவ்வளவு ஆழம் போவது போர்வெல் மட்டும்தான். ஊரில் ராத்திரி கரண்டு போனபோது முட்கள் இருட்டில் பச்சையாகத் தெரிந்தன. டார்ச் தேடாமல் மணி பார்த்தேன்.

உள்ளே பாட்டரி இல்லை. கை ஆடும்போது உள்ளே ஓர் எடை சுற்றி, சுருள்வில்லை முறுக்கிக்கொள்கிறது. சமன்சக்கரம் மணிக்கு 28,800 அடி அடிக்கிறது, அதாவது ஒரு விநாடிக்கு எட்டு. தினமும் காலையில் வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தேன். என்னுடையது நாளொன்றுக்குச் சுமார் ஆறு விநாடி வேகமாக ஓடுகிறது. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆறு விநாடி என்பது ஒரு லட்சத்தில் ஏழு பங்கு. தண்டவாளக்காரன் கணக்கில் சொன்னால், 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் பத்தில் ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகமான தவறு. அவ்வளவு துல்லியமாக எந்தத் தண்டவாளத்தையும் நான் போட்டதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இதைவிட நூறில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடச் சரியாக மணி காட்டும். அதிலுள்ள படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, எட்டு அடி அடிக்கும் சக்கரம் அதோடு போட்டி போட முடியாது. பழுது வந்தால் சித்தூரிலோ திருப்பதியிலோ இதைத் திறந்து பார்க்கும் ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. மணி பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பிறகு நான் ஏன் வாங்கினேன்? அதற்கு இன்னொரு கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் கொடுத்தது

1983-இல் எனக்கு ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. எங்கள் அண்ணன் தறிக்காரர். லுங்கி நெய்த கூலியில் சேர்த்து வைத்து, கடையில் பெயர் பதிந்து, காத்திருந்து, ஓர் எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். "ரயில்காரனுக்குக் கையில மணி இல்லன்னா எப்படிடா தம்பி?" என்றார். அவர் கையில் கடிகாரம் கிடையாது. கடைசி வரைக்கும் கட்டியதில்லை.

பதினேழு கல் வைத்தது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். அந்த ஜனதாவை வைத்துத்தான் தொழில் கற்றேன். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை விநாடி என்று பார்த்து, 3,600-ஐ அதால் வகுத்தால் வண்டியின் வேகம். 36 விநாடி என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். இன்னொரு வழியும் உண்டு. அந்தக் காலத்தில் தண்டவாளம் 13 மீட்டர் நீளம், ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் 'டக்' என்று அடிக்கும். 47 விநாடியில் எத்தனை 'டக்' கேட்கிறதோ, அத்தனை கிலோமீட்டர் வேகம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்த பிறகு அந்தச் சத்தமும் போயிற்று, அந்தக் கணக்கும் போயிற்று.

ரயில்வேயில் நேரம் என்பது பாதுகாப்பு. தினமும் மாலை 4 மணிக்குக் கன்ட்ரோலிலிருந்து நேரம் சொல்வார்கள். எல்லா ஸ்டேஷன் கடிகாரமும் அதற்குச் சரிசெய்யப்படும். அமெரிக்காவில் 1891-இல் ஓஹையோ மாநிலத்துக் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஒருவருடைய கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் வெப் பால் என்ற கடிகாரக்காரரைக் கொண்டு ரயில்வே ஊழியர் கடிகாரங்களுக்குக் கடுமையான விதிகள் கொண்டுவந்தார்கள்.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் உடம்பால் கற்றுக்கொண்டேன். 1986-இல் ஒரு நாள் ஒற்றைப் பாதையில் தள்ளு ட்ராலியில் பாதை பார்க்கப் போனேன். அடுத்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஸ்டேஷனில் கேட்டுக் குறித்துக்கொண்டுதான் போனேன். வழியில் மணி பார்த்தேன். பத்து நாற்பது. நிறைய நேரம் இருக்கிறது என்று ஒரு பாலத்தின் பக்கம் நின்று இணைப்புகளை அளந்துகொண்டிருந்தேன். மறுபடி பார்த்தேன். பத்து நாற்பது. விநாடி முள் நிற்கிறது. காலையில் சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். அந்த நிமிடமே முன்னால் கொடியோடு போன ட்ராலிமேன் வளைவிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார். நாலு பேரும் நானும் ட்ராலியைத் தூக்கி ஓரத்தில் போட்டோம். வண்டி கடந்து போனபோது அந்தக் காற்று என் முகத்தில் அடித்தது.

தவறு கடிகாரத்தினுடையது அல்ல, என்னுடையது. அன்று கொடியோடு முன்னால் போனவர் சோம்பேறியாக இருந்திருந்தால் நாலு குடும்பம் தெருவில் நின்றிருக்கும். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை காலை ஆறு மணிக்கு முதல் வேலை மணி சரிபார்ப்பதுதான். இப்போது தானே முறுக்கிக்கொள்ளும் ஜெர்மன் கடிகாரத்துக்கும் ஆறு மணிக்கு நாலு முறுக்குக் கொடுக்கிறேன். தேவையில்லைதான். கை கேட்பதில்லை.

ஒரே வருடம், இரண்டு கதைகள்

இனி என்னை உறுத்துகிற விஷயம்.

பிராங்க்பர்ட்டில் சின் நிறுவனம் தொடங்கப்பட்டது 1961-இல். ஹெல்முட் சின் என்ற விமானி, விமானப் பயிற்சியாளர், இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்பது என்று ஆரம்பித்தார். பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கடிகாரம் செய்யத் தொடங்கியதும் அதே 1961-இல்தான். ஒன்று தனி ஆளின் சின்னக் கடை. மற்றொன்று ஒரு தேசத்தின் தொழிற்சாலை. 1978-இல் தும்கூரிலும் தொழிற்சாலை வந்தது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி., வேலை கிடைத்தால் எச்.எம்.டி., பரீட்சை பாஸ் என்றால் எச்.எம்.டி. என்றிருந்த காலம் இந்த இதழ் படிக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

இன்று சின்னக் கடை இருக்கிறது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

ஜெர்மானியர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கையிலிருக்கும் இந்த ஜெர்மன் கடிகாரத்தின் உள் இயந்திரம் ஜெர்மனியில் செய்ததே அல்ல, சுவிட்சர்லாந்தில் செல்லிட்டா என்ற நிறுவனம் செய்தது. வேறொருவருடைய இயந்திரத்தை வாங்கி, உறுதியான கூடு செய்து, சோதித்து, தன் பெயரைப் போட்டு விற்கிறார்கள். எச்.எம்.டி.யோ இயந்திரத்தையே நம் மண்ணில் செய்தது. வேலைக்காரக் கடிகாரமும் செய்தது. ராணுவத்தாருக்கு ஜவான், கறுப்பு முகப்போடு பைலட், பார்வையற்றோர் தொட்டு மணி அறிய பிரெயில் கடிகாரம். இவையெல்லாம் கருவிகள் இல்லையா?

அப்படியானால் வித்தியாசம் எங்கே? குவார்ட்ஸ் வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே புயல்தான் அடித்தது. 1984-இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து அழகழகான குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பொருள்தான். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. ஆனால் எல்லாருக்கும் எல்லாமாக இருக்கப் பார்த்தது. சின் போன்றவர்கள் வேறு வழி போனார்கள். இந்தக் கடிகாரம் இன்ன வேலைக்கு, இன்ன ஆளுக்கு என்று சொன்னார்கள். 1994-இல் லோதர் ஷ்மிட் என்ற பொறியாளர் அந்த நிறுவனத்தை ஏற்றார். 1997-இல் ஜெர்மன் சுங்கத் துறையின் சிறப்புப் படைக்கென்றே ஒரு கடிகாரம் செய்தார்கள். கொஞ்சம் பேருக்கு மட்டும், ஆனால் முழு மனதோடு.

இதை மகளிடம் சொன்னபோது அவள் மறுத்தாள். "அப்பா, இது உணர்ச்சி வாதம். ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய அரசாங்க கம்பெனியும் ஒரு சின்னக் கம்பெனியும் ஒண்ணா? விமானிக்கும் டைவருக்கும் மட்டும் வித்து அத்தனை பேருக்குச் சோறு போட முடியுமா?" என்றாள். அவள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. முழுத் தொழிற்சாலையையும் அப்படி நடத்தியிருக்க முடியாது. ஆனால் ஜவானும் பைலட்டும் பிரெயிலும் செய்யத் தெரிந்த கைகளில் ஒரு ஐம்பதையாவது ஒரு சின்னப் பட்டறையாக நிறுத்தி வைத்திருக்கலாமே என்பது என் தாழ்மையான கருத்து. கற்ற தொழில் ஒரு தலைமுறை கைவிட்டுப் போனால், மறுபடி காசு கொடுத்துத்தான் கற்க வேண்டும்.

நானும் ஒரு குற்றவாளி

அரசாங்கத்தைக் குறை சொல்லிக் கட்டுரையை முடிப்பது சுலபம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1992-இல் பதவி உயர்வு வந்ததும் நான் முதலில் செய்த காரியம் ஒரு குவார்ட்ஸ் வாங்கியதுதான். ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். தினமும் சாவி கொடுக்கும் ஜனதா அவமானமாகத் தோன்றியது. பீரோவில் துணிக்கடியில் போட்டேன். ஒரு முறை ஊருக்கு வந்தபோது அண்ணன் என் கையைப் பார்த்தார். "அது ஓடலையாடா?" என்று மட்டும் கேட்டார். "ரிப்பேர்ணே" என்று பொய் சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு குவார்ட்ஸ் மாறிவிட்டன. பாட்டரி போனால் மாற்றினேன், சர்க்யூட் போனால் தூக்கிப் போட்டேன். ஒன்றின் பெயர்கூட நினைவில்லை. அண்ணன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. எச்.எம்.டி. மூடப்பட்டதாகப் பேப்பரில் படித்த அன்று வருத்தப்பட்டேன். ஆனால் என்னைப்போல லட்சம் பேர் பீரோவில் போட்டதால்தானே அது நின்றது? அதற்குப் பிறகு ஜெர்மனிக்குப் போய் லட்ச ரூபாய் கொடுத்து மெக்கானிக்கல் கடிகாரம் வாங்கியிருக்கிறேன். இதில் இருக்கும் முரண்பாடு எனக்குத் தெரியாமலில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பீரோவைத் திறந்து ஜனதாவை எடுத்தேன். சாவி கொடுத்தால் நாலு அடி அடித்து நின்றது. எங்கள் பக்கம் முன்பு பழுது பார்த்தவர் இல்லை, அவர் மகன் அதே கடையில் செல்போன் உறை விற்கிறார். விசாரித்து விசாரித்து, கடைசியில் வேறோர் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்தவர், "சார், இதுல ஒண்ணும் கெடலை. எண்ணெய் காய்ஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்றார். முப்பது வருடம் துணிக்கடியில் கிடந்தது, கழுவி எண்ணெய் போட்டதும் ஓடுகிறது. கூலி முந்நூறு ரூபாய். அவரிடம் தொழில் கற்க யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

என் ஜெர்மன் கடிகாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். நல்ல கருவி என்பது திறந்து, கழுவி, மறுபடி மூடி ஓட வைக்கக்கூடியது. அப்படிப்பட்ட ஒன்று என்னிடம் முதலிலிருந்தே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் பிராங்க்பர்ட் வரை போக வேண்டியிருந்தது.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கக் குடும்பங்கள் வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவை. வீடு மாறும்போதெல்லாம் பழையதைக் கழித்துவிட்டு வருகிறோம். ஆனால் பெட்டிக்கடியில், பீரோ மூலையில், அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஒரு கடிகாரம் நிச்சயம் கிடக்கும். எச்.எம்.டி.யாக இருக்கலாம், அதற்கு முந்தைய வெஸ்ட் எண்டாகவோ பாவ்ர் லூபாவாகவோ இருக்கலாம். தூக்கிப் போட வேண்டாம். ஓடாதது எல்லாம் செத்தது அல்ல.

சங்கத்துக்கு என் யோசனை இது. பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் பக்கத்தில் ஒரு மேஜை போடுவோம். நகரத்தில் மிஞ்சியிருக்கும் பழைய கடிகாரப் பழுதுக்காரர் ஒருவரை மரியாதையோடு அழைத்து உட்கார வைப்போம். உறுப்பினர்கள் வீட்டிலிருக்கும் பழைய கடிகாரங்களைக் கொண்டு வரட்டும். அவர் திறந்து காட்டும்போது பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கட்டும். டிப்ளமா, ஐ.டி.ஐ. படிக்கும் பையன்களில் இரண்டு பேருக்காவது அந்தத் தொழிலில் ஆசை வந்தால் போதும். அவருக்கான அன்றைய கூலியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஜனதாவைப் பேரனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். பத்து வயது. அங்கே ஜெர்மன் பேசுகிறான், தமிழ் தட்டுத் தடுமாறி வருகிறது. வீடியோவில் அதைக் காட்டியபோது, "தாத்தா, இதுக்கு சார்ஜர் எங்கே?" என்று கேட்டான். தினமும் நீதான் சாவி கொடுக்க வேண்டும், மறந்தால் நின்றுவிடும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் மறக்க மாட்டேன்" என்றான். அடுத்த முறை போகும்போது எடுத்துப் போகிறேன். அது யார் நெய்த கூலியில் வாங்கியது என்பதையும் அவனிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு வர வேண்டும்.